மூலை மடித்த மனுக்கள்

என் கணினியில் ஒரு பழைய மாணவர் திட்ட அறிக்கை இருக்கிறது. 62 பக்கம். அதற்கு நான் 100க்கு 94 மதிப்பெண் போட்டேன். அந்த ஆண்டு வேறு யாருக்கும் அவ்வளவு போடவில்லை. அதன் 31ஆம் பக்கத்தில் ஒரு புகைப்படம். ஒரு மேசை, அதன்மேல் ஒரு காகிதக் கட்டு, பக்கத்தில் முத்திரைக் கட்டை, மை டப்பா, பாதி குடித்த டீ டம்ளர். அவ்வளவுதான். கடந்த சில ஆண்டுகளாக மாதம் ஒருமுறையாவது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். அதைப் பற்றி எழுதிவிடாமல் இந்தப் பாடத்தை இன்னொரு பருவம் நடத்த மனம் ஒப்பவில்லை.

திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்பிஏ மாணவர்களுக்கு வணிகச் செயல்முறை மேலாண்மை என்ற விருப்பப் பாடத்தை எடுக்கிறேன். ஒரு வேலை தொடக்கத்திலிருந்து முடிவு வரை எந்தெந்தப் படிகளைக் கடக்கிறது என்று பார்த்து அதைச் சீராக்குவதுதான் பாடம். மாணவர்கள் சுருக்கமாக பிபிஎம் என்பார்கள். பாடத்தை எப்போதும் ஃபோர்டு கதையோடு தொடங்குவேன். 1990இல் மேலாண்மை அறிஞர் மைக்கேல் ஹாமர் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கதை அது. வட அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் பில் பட்டுவாடாப் பிரிவில் 500க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். கணினி வைத்து அதை 400 ஆக்கலாம் என்று திட்டமிட்டுக்கொண்டிருந்தபோது, மாஸ்டாவில் அதே வேலையை 5 பேர் பார்ப்பது தெரியவந்தது. கொள்முதல் ஆணை, சரக்கு வந்த ரசீது, விற்றவர் அனுப்பிய பில் என்று மூன்று தாள்களில் 14 விவரங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்த முறையையே ஃபோர்டு தூக்கி எறிந்தது. பில் இல்லாமலே பணம் கொடுக்கலாம், மூன்று விவரங்கள் ஒத்துப்போனால் போதும் என்றாயிற்று. ஆட்கள் முக்கால்வாசி குறைந்தார்கள். இதைச் சொல்லி முடிக்கும்போது வகுப்பில் ஒரு மௌனம் விழும். மாணவர்களின் கண் விரியும். பத்து வருடம் அந்த மௌனத்தை ரசித்திருக்கிறேன்.

அடுத்து வரைபடங்கள். இந்தத் துறைக்குள் நுழைகிற யாரையும் முதலில் மயக்குவது வரைபடம்தான். 1992இல் ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் பல்கலைக்கழகத்தில் ஷீரும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய நிகழ்வுச் சங்கிலி வரைபடம், செயல்முறைகளை வரைவதற்கென்றே 2004இல் வந்த பிபிஎம்என் குறியீடு, 2011இல் அதன் இரண்டாம் பதிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வடிவங்கள் உண்டு. பிபிஎம்என்னில் வட்டம், பெட்டி, சாய்சதுரம், புள்ளிக்கோடு எல்லாம் உண்டு. வட்டத்தில் தொடங்கி, பெட்டியில் வேலை நடந்து, சாய்சதுரத்தில் பாதை பிரிந்து, தடித்த வட்டத்தில் முடியும். ஒவ்வொரு ஆளுக்கும் நீச்சல் குளத்தில் இருப்பதுபோல் ஒரு லேன். அவரவர் வேலை அவரவர் லேனில். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு, குழம்பிக் கிடக்கிற உலகம் ஏ4 தாளில் ஒழுங்காக அடங்கிவிட்டதைப் பார்ப்பதில் பெரிய மகிழ்ச்சி. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

5 நாள், 14 நிமிடம்

அந்த அறிக்கையை எழுதியது நான்கு பேர் கொண்ட குழு. இவர் இங்கே படிக்கும் மாணவர்தான் என்று கல்லூரி எழுதித் தரும் போனஃபைடு சான்றிதழை எங்கள் கல்லூரியிலேயே வாங்கும் முறையை எடுத்துக்கொண்டார்கள். மாணவர் மனு எழுத வேண்டும். துறைத் தலைவர் கையெழுத்திட வேண்டும். அலுவலகத்தில் கட்டண பாக்கி பார்க்க வேண்டும். தட்டச்சு, கண்காணிப்பாளரின் சுருக்கொப்பம், முதல்வரின் கையெழுத்து, முத்திரை, பதிவேட்டில் வரிசை எண். எல்லாக் கல்லூரியிலும் ஏறத்தாழ இதுதான் வழி.

பிள்ளைகள் உண்மையாகவே உழைத்தார்கள். ஒரு மனு சராசரியாக 5 வேலைநாள் எடுத்தது. அதில் யாராவது ஒருவர் கை வைத்து வேலை பார்த்த நேரத்தை மட்டும் கூட்டினால் 14 நிமிடம். மற்றதெல்லாம் காத்திருப்பு. நூற்றுக்கு ஒன்றுகூட வேலை இல்லை. ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதியையும் அழகாகப் பயன்படுத்தியிருந்தார்கள். நாளுக்கு எத்தனை மனு வருகிறது என்பதை, ஒரு மனு உள்ளே இருக்கும் நாட்களால் பெருக்கினால், எந்த நேரத்திலும் உள்ளே கிடக்கும் மனுக்களின் எண்ணிக்கை வரும். நாளுக்கு 12 மனு, 5 நாள். ஆக 60 இருக்க வேண்டும். ஒரு நாள் மதியம் எல்லா மேசைகளிலும் போய் எண்ணினார்கள். 58 இருந்தது. எண்ணியதற்குச் சான்றாக ஒரு படம் எடுத்து ஒட்டினார்கள். 31ஆம் பக்கத்துப் படம் அதுதான். ஏட்டுக் கணக்கு மேசைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது என்று வகுப்பில் அதைக் காட்டிப் பாராட்டினேன்.

பிறகு ஒவ்வொரு பெட்டியையும் எடுத்துப் பார்த்தார்கள். இது மாணவருக்குப் பயன் தருகிறதா, நிர்வாகத்துக்காவது தேவையா, இரண்டும் இல்லையா? அலுவலக உதவியாளரின் லேனில் ஒரே ஒரு பெட்டி: ‘மனுக்களை எடுத்துச் செல்’. அவர் காலை 11 மணிக்கும் மாலை மூன்றரைக்கும் துறைகளுக்குப் போய் மனுக்களைச் சேகரித்து அலுவலகத்துக்குக் கொண்டுவருவார். டொயோட்டாவின் தைச்சி ஓனோ வகுத்த ஏழு விரயங்களில் சுமந்து செல்வதும் ஒன்று. புத்தகப்படி அது பயனற்ற வேலை, நீக்க வேண்டியது. பிள்ளைகள் அதன்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள். புதிய வரைபடத்தில் இணையப் படிவம், தானாகப் பார்க்கப்படும் கட்டண பாக்கி, மின்கையொப்பம். உதவியாளரின் லேனே இல்லை.

அறிக்கையை நான்தான் நிர்வாகத்திடம் கொண்டுபோனேன். அடுத்த கல்வியாண்டில் அது நடைமுறைக்கு வந்தது. 5 நாள் 2 நாளானது. பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் நடந்த ஒருநாள் கருத்தரங்கில் இதையே கட்டுரையாக வாசித்தேன். திரையில் முன்பு என்று உயரமான ஒரு பட்டை, பின்பு என்று குட்டையான ஒரு பட்டை. கைதட்டினார்கள். சான்றிதழும் ஒரு சால்வையும் கொடுத்தார்கள். வகுப்பறைக்கு வெளியே ஒரு பாடம் வேலை செய்ததைப் பார்த்த நிறைவோடு அன்று பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

வியாழன் மாலை 4 மணி

மறு ஆண்டு ஒரு மாணவி என் அறைக்கு வந்தாள். என் பொறுப்பில் இருந்த வகுப்பு. கல்விக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தாள். வியாழக்கிழமை மாலை 4 மணிக்குள் போனஃபைடு சான்றிதழ் கொடுத்தால்தான் அந்த வார விண்ணப்பங்களோடு மேலே அனுப்ப முடியும் என்று வங்கியில் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அது தெரிந்ததே புதன் காலைதான். புதன் நண்பகலில் படிவம் போட்டாள். வெள்ளி காலை சான்றிதழ் கைப்பேசிக்கு வந்தது. எங்கள் கணக்கில் அது இரண்டு நாளுக்குள் முடிந்த மனு, பச்சை நிறம். வங்கியில் அது பல வாரம் தள்ளிப்போனது. கட்டணம் கட்டக் கடைசி நாள் வந்தபோது அவளுடைய அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தார். மாணவி என்னிடம் புகார் சொல்ல வரவில்லை. தாமதக் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்யச் சொல்லி ஒரு கடிதத்தில் என் கையெழுத்து வேண்டியிருந்தது. கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவள் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

அந்த உதவியாளரை அதற்குள் விடுதி அலுவலகத்துக்கு மாற்றியிருந்தார்கள். அன்று மாலை வேறு வேலையாக அங்கே போனபோது அவரிடம் இதைச் சொன்னேன். ஏன் அவரிடம் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவர் கேட்டார்: “மூலையை மடித்துவிட யாரும் இல்லையா, மேடம்?”

எனக்குப் புரியவில்லை. அவர் மேசையிலிருந்த ஒரு விடுப்புக் கடிதத்தை எடுத்து, வலது மேல் மூலையை ஓர் அங்குலம் மடித்து, நகத்தால் ஒருமுறை நீவிக் காட்டினார். துறைகளில் மனு வாங்கும்போது ஒவ்வொன்றின் கடைசி வரியையும் பார்ப்பாராம். பஸ் பாஸா, உதவித்தொகையா, வங்கியா, பாஸ்போர்ட்டா என்று. பார்த்துவிட்டு எதிரே நிற்கும் பிள்ளையிடம் எப்போது வேண்டும் என்று கேட்பார். நாளைக்கு என்று சொன்னால், வங்கிக் கடிதத்தைக் காட்டச் சொல்வார். உண்மையிலேயே அவசரம் என்றால் மூலையை மடிப்பார். மூலை மடித்த மனு தட்டச்சுக்கு முதலில் போகும். கண்காணிப்பாளர் அதில்தான் முதலில் கையெழுத்துப் போடுவார். முதல்வருக்குப் போகும் அட்டையில் அது மேலே இருக்கும். இப்படி வந்தவை அன்றைக்கே, தப்பினால் மறுநாள் காலை, கைக்குக் கிடைத்துவிடும். யாரும் உத்தரவு போடவில்லை. எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. பதினெட்டு வருடமாக நடந்துவந்திருக்கிறது.

“அந்தப் பிள்ளைகள் வந்து கேட்டபோது இதைச் சொல்லவில்லையா, அண்ணா?” என்றேன். “எத்தனை மணிக்குப் போவீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்றுதான் கேட்டார்கள், மேடம். அதைச் சொன்னேன்” என்றார்.

வீட்டுக்கு வந்து அறிக்கையைத் திறந்தேன். 31ஆம் பக்கம். படத்தைப் பெரிதாக்கினேன். கட்டின் மேலே ஏழு காகிதங்களின் வலது மூலை மடிந்திருந்தது. கீழே இருந்தவற்றில் ஒன்றுகூட மடியவில்லை. மூலைகளெல்லாம் ஒரே அளவு, ஒரே கோணம். கைபட்டுக் கசங்கிய காகிதம் அப்படி இருக்காது. அந்தப் படத்தை எத்தனை முறை திரையில் போட்டுக் காட்டியிருக்கிறேன்! 58 என்று எண்ணிய நாங்கள் ஒருவரும் அந்த ஏழு மூலைகளைப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் என்னைச் சுட்டது. கடைசித் தேதி எதற்கு முந்தியதோ அதை முதலில் முடித்தால், மிக மோசமாகத் தாமதமாகும் வேலையின் தாமதம் இயன்ற அளவு குறையும் என்பதை 1955இல் ஜாக்சன் என்பவர் நிரூபித்தார். உற்பத்தி மேலாண்மையில் அது அடிப்படைப் பாடம். அதே மாணவர்களுக்கு, அதே பருவத்தில், இன்னொரு பாடத்தில் அதை நடத்தியதும் நான்தான். கரும்பலகையில் எழுதி நிரூபித்துக் காட்டினேன். அந்த விதி இருநூறு அடி தள்ளி, ஒரு மனிதரின் கட்டைவிரல் நகத்தில் நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் அதற்கு ‘எடுத்துச் செல்’ என்று பெயர் எழுதி அடித்துவிட்டோம். இணையப் படிவத்தில் ‘முதலில் வந்தது முதலில்’ என்று வைத்தோம். கேட்பதற்கு அது நியாயமாகத்தான் இருக்கிறது. பஸ் பாஸுக்குப் பத்து நாள் பொறுக்கக்கூடியவனும், நாளை மாலைக்குள் வேண்டியவளும் ஒரே வரிசையில் நின்றார்கள். சராசரி குறைந்தது. அவசரக்காரர்களுக்கு மட்டும் காலம் கூடியது. அதைச் சராசரி எப்படிக் காட்டும்?

பதிவில் விழாதது

இப்போதெல்லாம் செயல்முறைகளைக் கண்டறிய ஆளிடம் கேட்கவே வேண்டாம், கணினிப் பதிவிலிருந்தே தோண்டி எடுக்கலாம் என்கிறார்கள். நெதர்லாந்தின் ஐந்தோவனிலும் பிறகு ஜெர்மனியின் ஆஹனிலும் பேராசிரியரான வில் வான் டெர் ஆல்ஸ்ட் இந்தத் துறைக்கு உயிர் கொடுத்தவர். 2014இல் கோர்செரா என்ற இணையக் கல்வித் தளத்தில் அவர் நடத்திய பாடத்தில் நானும் படித்தேன், நன்றாகவே நடத்துவார். நெதர்லாந்து நிதி நிறுவனம் ஒன்றின் கடன் விண்ணப்பப் பதிவை 2012இல் ஆய்வாளர்களுக்குப் போட்டியாகக் கொடுத்தார்கள். 13,087 விண்ணப்பங்கள், 2,62,200 நிகழ்வுகள். என் வகுப்பில் இன்றும் அதைத்தான் பயிற்சிக்குக் கொடுக்கிறேன். ஒவ்வொரு வரியிலும் எந்த விண்ணப்பம், என்ன வேலை, எந்த நேரம் என்று இருக்கும். மென்பொருளில் ஏற்றினால் நிமிடத்தில் பாதைகள் தோன்றும். எங்கே தேங்குகிறது, எங்கே திரும்பி வருகிறது என்பதெல்லாம் தெரியும். ஆனால் மடித்த மூலைக்கு அதில் இடம் கிடையாது. யாரோ ஒருவர் ஒரு விண்ணப்பத்தை வரிசை மாறி முதலில் எடுத்தார் என்பது நேரத்தைப் பார்த்தால் தெரியலாம். ஏன் எடுத்தார் என்பது தெரியாது. நல்ல ஆய்வாளர் அந்த இடத்தில் கணினியை மூடிவிட்டு எழுந்து போய் அவரைக் கேட்பார். மற்றவர் அதை ஒழுங்கு மீறல் என்று சிவப்பில் குறிப்பார்.

பாடநூல்களைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. செயல்முறையைக் கண்டறிய ஆவணங்களைப் பார், அருகிலிருந்து கவனி, நேரில் கேள், எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசு என்று அவை தெளிவாகவே சொல்கின்றன. பருவத்துக்கு 45 மணி நேரம். அதில் அருகிலிருந்து கவனிப்பதற்கு நான் ஒதுக்கியது ஒரு மதியம். மென்பொருளுக்கு ஒதுக்கியது பன்னிரண்டு மணி நேரம். வளாக நேர்காணலுக்கு வருகிறவர்கள் எந்தக் கருவி தெரியும் என்றுதான் கேட்கிறார்கள். யார் பக்கத்தில் எத்தனை நாள் உட்கார்ந்தாய் என்று கேட்டவரை நான் இதுவரை பார்க்கவில்லை. நாங்கள் நடத்தும் கருத்தரங்குகளும் அப்படித்தான். முன்பும் பின்பும் என்று இரண்டு பட்டை காட்டினால் போதும். ஆறு மாதம் கழித்து யாருக்கு என்ன ஆயிற்று என்று எழுந்து கேட்பவர் இல்லை. நானும் கேட்டதில்லை. ஹாமர் எழுதிய அதே 1990இல், வேலைமுறையையே மாற்றியமைக்கும் இந்தச் சிந்தனையைத் தொடங்கி வைத்த இன்னொருவர் தாமஸ் டேவன்போர்ட். மனிதர்களை மறந்த மோகமாக இது போய்விட்டது என்று அவரே 1995இல் எழுதினார். அதைப் பல வருடமாக ஒரு தேர்வுக் கேள்வியாக மட்டும் வைத்திருந்தேன். ஐந்து மதிப்பெண்.

பழைய முறைக்கே திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த உதவியாளர் விடுப்பில் போன நாட்களில் எந்த மூலையும் மடியவில்லை. வாய் திறந்து அவசரம் என்று சொல்லத் தெரியாத முதலாண்டுப் பிள்ளைகளின் மனு அடியில்தான் கிடந்திருக்கும். ஒரு மனிதரின் நல்ல குணத்தை மட்டும் நம்பி ஓர் அலுவலகம் நடக்கக்கூடாது. இணையப் படிவம் வந்ததால் ஊரிலிருந்தே விண்ணப்பிக்க முடிகிறது; அது பெரிய விஷயம். ஆகவே படிவத்தில் ‘எந்தத் தேதிக்குள் வேண்டும்’ என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி நிர்வாகத்திடம் போனேன். பல மாதம் நடந்த பிறகு சேர்த்தார்கள். ஒரே வாரத்தில் எல்லாரும் நாளைய தேதியைப் போடத் தொடங்கினார்கள். மறுபடியும் எல்லாரும் ஒரே வரிசை. அப்போதுதான் அந்த உதவியாளர் வங்கிக் கடிதத்தைக் காட்டச் சொன்னதன் பொருள் எனக்கு முழுதாகப் புரிந்தது. இப்போது அவசரம் என்று போடுகிறவர்கள் அதற்கான கடிதத்தைப் படம் எடுத்து இணைக்க வேண்டும். கண்காணிப்பாளர் காலையில் அவற்றை முதலில் திறக்கிறார். உதவியாளர் தெரிந்துவைத்திருந்ததை மூன்று தவணையாகக் கண்டுபிடித்திருக்கிறோம். இன்னும் எத்தனை தவணை பாக்கியோ.

பாடத்தையும் மாற்றினேன். முதல் நான்கு வாரம் மென்பொருள் கிடையாது. ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு காகிதத்தின் பின்னாலோ பொருளின் பின்னாலோ நடக்க வேண்டும். அந்தச் சங்கிலியில் குறைந்த சம்பளம் வாங்குகிறவர் யாரோ, அவர் பக்கத்தில் ஒரு முழுநாள் உட்கார வேண்டும். என்ன செய்கிறார் என்பதை எழுதினால் போதாது. செய்வதற்கு முன் எதைப் பார்க்கிறார் என்று எழுத வேண்டும். சக ஆசிரியர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. மதிப்பெண் போடுவதும் எளிதில்லை. மாணவர்களில் பாதிப்பேர் முதல் இரண்டு வாரம் சலித்துக்கொள்வார்கள். ஒரு மாணவன் பார்சல் அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டு வந்து மூன்று பக்கம் எழுதியிருந்தான். சுமை ஏற்றுகிறவர் ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் சாக்பீஸால் ஒரு கோடோ இரண்டு கோடோ போடுகிறார். எந்த ஊரில் மழைக்கு ஒதுங்க இடமில்லையோ, அந்த ஊர்ப் பெட்டிக்கு இரண்டு கோடு; அது தார்ப்பாய்க்கு நடுவில் போக வேண்டும். கணினி ரசீதில் ஊர்ப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அந்த மூன்று பக்கத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சென்ற பருவத்தில், ஓய்வு பெற்று லால்குடியில் இருக்கும் அந்த உதவியாளரை வகுப்புக்கு அழைத்தேன். முதலில் தயங்கினார். நான் என்ன பேசுவது, மேடம் என்றார். பேச வேண்டாம் அண்ணா, அடுக்கித் தந்தால் போதும் என்றேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பழைய மனுக்களின் நகல்களில் பெயர்களை மறைத்து இருபதை அவர் முன் வைத்தேன். நின்றபடியே ஒவ்வொன்றையும் எடுத்தார். கண் நேரே கடைசி வரிக்குப் போயிற்று. இரண்டை மட்டும் தள்ளி வைத்து, இதற்கு ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். நான்கு நிமிடத்துக்குள் அடுக்கி முடித்தார். ஐந்து மூலைகள் மடிந்திருந்தன.

பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். வங்கி என்று எழுதியிருந்தும் இதை ஏன் மடிக்கவில்லை? அது ஜூன் மாதத்து மனு, கட்டணம் ஆகஸ்டில்தான், பொறுக்கும் என்றார். பஸ் பாஸுக்கு ஏன் மடித்தீர்கள்? தேதி பாருங்கள், பழைய பாஸ் அந்த வாரத்தோடு முடிகிறது. அந்தப் பையன் அதற்குப் பிறகு துறையூரிலிருந்து தினம் டிக்கெட் எடுத்து வர வேண்டும். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்துபோய், அவர் சொல்லச் சொல்லப் பலகையில் வரையத் தொடங்கினாள். ஒரு சாய்சதுரம், பிறகு இன்னொன்று. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சாய்சதுரம் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு அருகே போய் முதல் சாய்சதுரத்துக்கு முன்னால் விரலை வைத்து, “இதற்கு முன்னால் ஒன்று வேண்டும், அம்மா. மனுவை அந்தப் பிள்ளையே கொண்டுவந்ததா, வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பியதா என்று முதலில் பார்ப்பேன்” என்றார். அவள் அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். அதற்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது என்றார். பலகையில் இடம் போதவில்லை. பின்வரிசையிலிருந்து இரண்டு பேர் எழுந்துபோய்ப் பக்கத்துப் பலகையைத் துடைத்தார்கள்.